நிழல் வந்து தொடும் இடம்

முதலில் ஒரு உறுத்தல்தான். மாசி மாதம், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் எருத்தேன்பதிப் பக்கம் அந்த மாதத்துக் காற்று கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும், நினைத்த நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். அப்படிச் சுற்றியபோது நெல்லின் சுணை (உமிமேல் இருக்கும் கூர்மயிர்) ஒன்று இடது கண்ணில் விழுந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு மிச்ச நெல்லையும் தூற்றி முடித்தேன். அன்றைக்கு எனக்குக் கண்ணைவிட நெல் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் கண் சிவந்து நீர் வடிந்தது. எங்கள் பக்கம் கண்ணில் ஏதாவது பட்டால் தாய்ப்பால் விடுவார்கள். பால் கொடுக்கிற பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கிண்ணத்தோடு தேடிப் போவார்கள். எனக்கு அந்த அலைச்சலும் இல்லை. என் மகள் தங்கமணிக்கு அப்போது ஆறு மாதம். என் பாலையே, அவளுக்கு மருந்து புகட்டும் பாலாடையில் பீய்ச்சி, தலையைச் சாய்த்து, என் கண்ணில் நானே விட்டுக்கொண்டேன். குளுகுளுவென்று இருந்தது. நான்கு நாள் விட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். சட்டை தெரிந்தது, முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மோர் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் அசைந்தது. அப்போதுதான் பயந்தேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"கண்ணுல என்ன விட்டீங்க?"

"பாலுங்க."

"என்ன பால்?"

"என்ற பாலுதானுங்க."

அவர் விளக்கை அணைத்தார். "பால் மேல தப்பில்ல. அதைக் குடிக்க ஆள் இருக்கு. கண்ணு குடிக்காது, கிருமிதான் குடிக்கும்" என்றார்.

எனக்கு வந்திருந்தது கருவிழிப் புண் (கண்ணின் முன்புறம் கண்ணாடி போல இருக்கும் தோல் புண்ணாவது). சுணை கீறிய இடத்தில் கிருமி ஏறி, பாலில் செழித்துவிட்டது. இதைப் படிக்கிற யாராவது இப்போது கையில் பாலாடையோடு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து அதைக் குழந்தையின் வாயில் விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். இது ஒன்றுதான் நான் சொல்லும் புத்திமதி.

முதல் பத்து நாள் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையுமாம். மணிக்கொரு தடவை கட்டைத் தளர்த்திச் சொட்டு மருந்து விடுவார்கள். அதில் ஒன்று அட்ரோபின் (கண்மணியை விரித்து வைக்கும் மருந்து). அது விட்ட பிறகு மூடிய இமைக்குள்ளேயே வெளிச்சம் பெருகி வழிந்தது. படுத்திருக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. யாரோ நடந்துபோகும் சத்தம் தூரத்தில் ஆரம்பித்து, என் காதுக்குள் வந்து, மறுபடி தூரமாகும். எங்கள் களத்துக் காற்று வார்டுக்குள் வீசுகிறது என்று பலமுறை நினைத்தேன்.

அந்த நாட்களில் எனக்கு நேரம் சொன்னது என் மார்புதான். கல்லாகக் கட்டிக்கொண்டால், எருத்தேன்பதியில் தங்கமணிக்குப் பசிக்கிறது என்று அர்த்தம். குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள். கிண்ணத்தில் பீய்ச்சிக் கொட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அழுதேன். அழக்கூடாது, புண் ஆறாது என்று நர்ஸ் அதட்டியதால் கண்ணீர் விடாமல் அழப் பழகினேன். பதினைந்தாம் நாள் மார்பு அமைதியாகிவிட்டது. அதன் பிறகு மணி என்ன என்று எனக்குத் தெரியாமல் போனது.

நாற்பது நாளில் புண் ஆறியது. ஆறிய இடம் வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டது. ஊரில் இதைப் பூ விழுந்த கண் என்பார்கள். அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னார். வலது கண் நன்றாக இருக்கிறதே, போதாதா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த அன்றே தண்ணீரைச் சொம்புக்கு வெளியே ஊற்றினேன். வாசற்படி இருக்கிறது என்று காலைத் தூக்கினால் படி இல்லை. இல்லை என்று நடந்தால் இருந்தது. வீடு முழுவதும் ஒரு பெரிய படமாகத் திரையில் தொங்குவது போலவும், நான் அதன் மேல் போய் மோதிக்கொள்வது போலவும் இருந்தது.

நான் இல்லாதபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் நங்கையா (வீட்டுக்காரரின் அக்கா) கோவிந்தாபுரத்திலிருந்து வந்திருந்தார். மூன்று பையன்களைப் பெற்றவர், பெண் குழந்தைக்கு ஏங்கியவர். எருமைப்பால் கொடுத்துத் தங்கமணியை நன்றாகத் தேற்றியிருந்தார். மூன்றாம் நாள் அவரிடமிருந்து குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, கயிற்றுக் கட்டிலில் கிடத்திக் கையை எடுத்தேன். கட்டில் ஒரு சாண் கீழே இருந்தது. குழந்தை சட்டத்தில் இடித்துத் தரையில் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"பரவால்ல அம்மிணி, நீ செத்த ஒக்காரு" என்று சொல்லி நங்கையா குழந்தையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் கையில் கொடுக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலாவது பேசியிருப்பேன், எனக்கு எப்போதும் வாய் நீளம். அவர்கள் அன்பாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சித்திரை பிறந்ததும் நங்கையா தம்பியிடம் சொன்னார். "மழைக்கு முன்னால நான் ஊருக்குப் போகோணும். பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். ஒரு ரண்டு வருசம், தானா நடந்து திரியற வரைக்கும் எங்கூட இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். "செரிங்கக்கா" என்றார். இரண்டு வருடம் கழித்து வருகிறவள் யாரை அம்மா என்று கூப்பிடுவாள்?

கண்ணைக் காட்ட மறுபடி போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தூரத்தை அளக்க இரண்டு கண் வேண்டும், ஒரு கண்ணுக்கு உலகம் தட்டையான படம்தான் என்று அவர் விளக்கினார்.

"அப்போ நான் படத்துக்குள்ளயேதான் இருக்கோணுங்களா?"

அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றை அப்படியே விட்டார். இன்னொன்றில் ஒரு ஓரமாகப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். மெதுவாக, பிறகு அழுத்தி. அது காகிதத்திலிருந்து எழும்பிப் பந்தாகி நின்றது.

"இதுவும் தட்டைதானே, எப்படி உருண்டையாத் தெரியுது?" என்றார். "வெளிச்சமும் நிழலும்தான். இனி உங்க கண்ணு அதை வெச்சுத்தான் தூரம் படிக்கணும். தானா வரும், ஆனா நாளாகும். சீக்கிரம் வரணும்னா வரைஞ்சு பழகுங்க. ஒரு முட்டை போதும்."

கொழிஞ்சாம்பாறைக் கடையில் பென்சிலும் ரப்பரும் வாங்கினோம். "என்ன அம்மிணி, பள்ளிக்கொடம் போறியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் என் நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு முட்டை.

முதல் முட்டைக்குச் சுற்றிலும் கறுப்பாகக் கோடு போட்டு, உள்ளே ஒரே அழுத்தமாகத் தேய்த்தேன். எலி வளை மாதிரி வந்தது. அடுத்த நாளும் வளைதான். மூன்றாம் நாள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, கதவோரம் கிடந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கோடு எங்கேயும் இல்லை. வெளிச்சம் ஒரு பக்கம் தொடங்கி, எங்கே முடிகிறது என்று சொல்லாமலே நிழலாகிக்கொண்டிருந்தது.

தாளின் ஓரத்தில் ஏழு கட்டம் போட்டுக்கொண்டேன். முதல் கட்டத்தில் பென்சிலே படாது. அடுத்தது நீர்த்த மோர் நிறம். அப்படியே படிப்படியாக இறங்கி ஏழாவது அடுப்புக்கரி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முட்டையில் எந்தப் பக்கம் எந்தக் கட்டம் என்று பிடிபட்டது. வெள்ளையை வரைய முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. முட்டையின் அடிவயிற்றில், நிழலுக்குள்ளேயே, தரையிலிருந்து ஏறிய ஒரு மங்கல் வெளிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று சோறு வடிக்க மறந்துபோனேன். காலை நேரங்கள் எனக்குக் கனவு மாதிரி நீண்டன. கதவு வழியாக வெயில் நகரும், நானும் அதோடு பாயை நகர்த்திக்கொண்டே போவேன்.

ஒருநாள் பாதி வரைந்துகொண்டிருக்கும்போது நங்கையா குழம்புக்கென்று முட்டையை எடுத்தார். அவர் கை மேலே போனது. முட்டையோடு ஒட்டியிருந்த கறுப்பு நிழல் அதைவிட்டுப் பிரிந்து, தரையிலேயே நின்று, வெளுத்தது.

"நங்கையா, அதை மறுபடி கீழ வைங்க."

வைத்தார். நிழல் ஓடிவந்து முட்டையைத் தொட்டது. தொட்ட இடம் அடுப்புக்கரி.

"மறுபடி எடுங்க."

"என்ன கெரகமோ" என்று முனகிக்கொண்டு எடுத்தார். நிழல் விலகியது. ஒரு பொருள் தரையைத் தொடும்போதுதான் அதன் நிழல் அதைத் தொடுகிறது. தூரத்தை அளக்க எனக்கு இன்னொரு கண் வேண்டாம். நிழல் வந்து சேர்ந்ததா என்று பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கையில் வாங்கிப் பார்த்த தங்கமணியின் கனத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு பூசணிக்காயைத் தேடி எடுத்தேன். கட்டில் மேல் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை விரித்தேன், நிழல் பளிச்சென்று விழும். பூசணிக்காயைத் துணியில் சுற்றித் தூக்குவேன், கிடத்துவேன். நிழல் சேர்ந்த பிறகே கையை எடுப்பேன். நாள் முழுக்க இதுதான் வேலை.

நங்கையா கதவில் சாய்ந்து பார்த்தார். "ஏனம்மிணி, பூசணிக்காய் தூங்கிருச்சா?"

"இன்னும் இல்லீங்க, கொட்டக்கொட்ட முழிச்சிருக்குது" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் தம்பியிடம், "கண்ணோட புத்தியும் போயிருச்சோ என்னமோ" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

வைகாசி கடைசியில் நங்கையா கிளம்பும் காலை வந்தது. குழந்தையின் துணிகளையும் மூட்டை கட்டியிருந்தார். "ஒரே ஒரு தடவை குடுங்க நங்கையா. கட்டில்ல கிடத்திக் காட்டறேன். தப்புச்சுன்னா நானே பஸ் ஏத்தி உடறேன்" என்றேன். அவர் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

கட்டில் பக்கம் திரும்பினேன். நிழல் இல்லை.

மேற்கே முதல் மழை மூட்டம் போட்டிருந்தது. கதவு வழியே வந்தது வெயில் இல்லை, ஒரு சாம்பல் வெளிச்சம் மட்டும்தான். வேட்டி, கட்டில், சுவர், என் கை எல்லாம் மூன்றாவது கட்டம். இவ்வளவு நாள் வெயிலில் மட்டுமே பழகியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. குழந்தை என் கழுத்தில் முகம் வைத்து மூச்சு விட்டாள். நான் அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பின்னால் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் காலை பத்து மணிக்கு அரிக்கேன் விளக்கைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, விளக்கை அதன்மேல் வைத்து, திரியை ஏற்றிவிட்டு விலகி நின்றார். பூசணிக்காயை நான் கிடத்தியதையெல்லாம் இந்த மனிதர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வேட்டியின் ஓரத்தில் மங்கலாக, பெரிதாக ஒரு நிழல் விழுந்தது. நான் குனிந்தேன். நிழல் சிறுத்துக் கறுத்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. முதலில் குழந்தையின் குதிகாலைத் தொட்டது, பிறகு முதுகை, கடைசியில் தலையை. எங்கேயும் இடைவெளி இல்லை என்று பார்த்துக்கொண்டு கையை உருவினேன். தங்கமணி கொட்டாவி விட்டாள்.

நங்கையா மூட்டையை அவிழ்த்துக் குழந்தையின் துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். தன் பையை மட்டும் தூக்கிக்கொண்டு, "சீமெண்ணெ தீராமப் பாத்துக்கடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நடையைப் பார்த்ததும் போய்விட்டது.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடமாகிறது. இடது கண் அப்படியேதான் இருக்கிறது. உச்சிவேளையில் எல்லா நிழலும் காலடியில் ஒளிந்துகொள்ளும், அப்போது நான் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை, உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாளில் அப்படி ஒரு வெறும் மணி நேரம் இருப்பதே முன்பு எனக்குத் தெரியாது. சொம்பை வைப்பதும் காலை ஊன்றுவதும் எனக்கு மற்றவர்களைவிடச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சற்று நேரத்தில்தான் இப்போது வசிக்கிறேன்.

போன வாரம் மாட்டுவண்டியிலிருந்து தங்கமணியைத் தூக்கி இறக்கினேன். சாயங்கால வெயில். அவள் கால் தரையில் பட்டிருக்கும்போலத் தோன்றியது, இருந்தாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நெழலு வந்துருச்சும்மா, உடு" என்றாள்.