வயிற்றில் குடியேறிய டீக்காளான்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வயிற்றுக்குள் ஒரு காளான் குடியேறிவிட்டது, நான் குடிக்கும் ஒவ்வொரு டீயும் அதற்கு வைக்கும் தீனி என்று ஒன்பது நாள் நம்பிக்கொண்டிருந்தேன். விவரம் தெரியாத வயதில் அல்ல. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு முப்பது தாண்டியிருந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஒரு லாரியைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவேன். என் வயிற்றின் அளவுதான் பிடிபடவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் அண்ணன், லாரி டிரைவர். அஸ்ஸாம் பக்கம் லோடு இறக்கிவிட்டு வந்தவர் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது கையில் ஓர் ஊறுகாய் ஜாடி. உள்ளே கலங்கிய தண்ணீர். அதில் வெந்தும் வேகாத ஆப்பம்போல வட்டமாக ஒன்று மிதந்தது.

"இதென்னுங்க மச்சான்?"

"டீக்காளானுங்க மாப்ள. அங்க ஒரு ஓட்டல்காரரு குடுத்தாரு. டீத்தண்ணியில போட்டு வெச்சா பத்து நாள்ல புளிச்சுச் சோடாவாட்டம் ஆயிருது. இருட்டும் சூடும் இருந்தா நல்லா வளருமாமா. ஒன்னு இருந்தாப் போதும், அதுவே குட்டி போட்டுக்கும்."

கொம்புச்சா என்ற பெயரெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்று என்னைப் பிடித்துக்கொண்டது 'குட்டி' என்ற ஒரே சொல். கண் இல்லை, வாய் இல்லை, முன்பக்கம் பின்பக்கம் தெரியவில்லை. இது எங்கிருந்து குட்டி போடும்?

உடனே பால் இல்லாமல் டீ கொதிக்கவைத்தேன், சர்க்கரையைக் கொட்டினேன், கொதிக்கக் கொதிக்கக் காளானை உள்ளே போடப் போனேன். மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

"கொதிக்கற பால்ல ஒறை ஊத்துனா தயிராகுமாங்க? தள்ளுங்க அக்கட்டால."

அவளே ஆறவைத்தாள். ஜாடியில் வந்த பழைய புளிப்புத் தண்ணீரை உறைமோர் ஊற்றுவதுபோல ஒரு கரண்டி ஊற்றினாள், காளானை விட்டாள், பழைய வேட்டித் துணியால் வாயை மூடினாள். நான் என் பங்குக்குப் பட்டறையிலிருந்து லாரி டியூபில் ஒரு வளையம் வெட்டிவந்து துணிமேல் மாட்டினேன்.

பத்து நாள் தொடக்கூடாது என்று மச்சான் சொல்லியிருந்தார். நான் காலையிலும் மாலையிலும் துணியைத் தூக்கிப் பார்த்தேன். நான்காம் நாள் வரை ஒன்றுமில்லை. ஆறாம் நாள் ஆறிய பாலில் ஆடை படிவதுபோல மேலே மெல்லிய தோல். எட்டாம் நாள் தோல் தடித்து வெள்ளையானது. அதன் அடியில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாக வால்கள். காடி வாசம் அடித்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"என்னுங்க, ஏதாச்சும் பேசுதா?" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

பத்தாம் நாள் குடித்துப் பார்த்தோம். இனிப்பு, அதற்குள் புளிப்பு, மூக்கில் ஒரு சுறுசுறுப்பு. அவள் ஒரு வாயோடு முகத்தைச் சுளித்து வைத்துவிட்டாள். நான் இன்னொரு டம்ளர் மொண்டு மடமடவென்று இறக்கினேன். கடைசி மடக்கில் சில்லென்று, வழுவழுவென்று ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கியது. ஜாடியைப் பார்த்தேன். நீளமாக ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்ததே, அதைக் காணோம்.

உட்கார்ந்து யோசித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. இது டீயில் வளரும். சர்க்கரை தின்னும். இருட்டும் சூடும் வேண்டும். என் வயிறு இருட்டு, சூடு, அதற்குள் தினமும் ஏழு டீ சர்க்கரை தூக்கலாக இறங்குகிறது. என்னைவிட நல்ல ஜாடி இந்த ஜில்லாவிலேயே கிடையாது!

அன்றோடு டீயை நிறுத்தினேன். பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் நேரில் வந்துவிட்டார். "ஏனுங்க, கடையில ஏதாச்சும் கொறை கண்டீங்களா?" எனக்கோ மண்டை பிளக்கும் தலைவலி. தீனி கிடைக்காமல் அது மேலே ஏறுகிறது என்று முடிவு கட்டினேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அண்ணனுக்குப் போகும். அவரிடமிருந்து அஸ்ஸாம் வரைக்கும் உள்ள ஒவ்வொரு டீக்கடைக்கும் போகும். அதனால் நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். எது இதைக் கொல்லும் என்று தெரிந்தால் அதையே குடித்துவிடலாம் அல்லவா? காளான் ஓரத்தில் ஐந்து துண்டு நறுக்கி ஐந்து டம்ளரில் போட்டேன். உப்புத் தண்ணீர், வேப்பிலைச் சாறு, மோர், ஓமத் தண்ணீர், விளக்கெண்ணெய். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

ஒரு சிக்கலை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே அது சும்மாதான் கிடக்கும். செத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணெயில் போட்ட துண்டு மட்டும் அடியில் போய்ப் படுத்துவிட்டது. மூழ்கியதுதான் செத்தது என்று தீர்ப்புச் சொல்லி, அரை டம்ளர் விளக்கெண்ணெய் குடித்தேன். மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. வீட்டுக்கும் காட்டுக்கும் நடந்த நடைக்குக் கணக்கில்லை. தலைவலி அப்படியே இருந்தது.

டீயை நிறுத்திய ஒன்பதாம் நாள் அரிசி எடுக்கப் போன மனைவி டம்ளர்களைக் கண்டுபிடித்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்பித்து முடிக்கும்போது வாசலில் அவள் அண்ணன் நிற்கிறார்.

"அண்ணா, உங்க மாப்ள வவுத்துல காளான் மொளைச்சிருக்குதாமா."

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஜாடியில் மேலே புதிதாகப் படர்ந்திருந்த குட்டியை எடுத்தார், அரிவாள்மனையில் கீற்றுக் கீற்றாக அரிந்தார், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி வாயில் போட்டு மென்றார்.

"நுங்காட்டம் இருக்குதுங்க மாப்ள. அந்த ஓட்டல்ல எறங்கறப்பெல்லாம் ஒரு துண்டு தின்னுட்டுத்தான் வாரேன். நீங்க சொல்றாப்ல பாத்தா என்ற வவுத்துல இந்நேரம் ஒரு தோட்டமே இருக்கோணும்."

"அப்பறம் ஏனுங்க மச்சான், எனக்கு ஒம்பது நாளாத் தலை இந்த வலி வலிக்குது?"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பற்றவைத்துப் பால் ஊற்றி டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். குடித்தேன். அரைமணி நேரத்தில் தலைவலி போய்விட்டது. டீ குடிக்காததால் வந்த தலைவலி அது. விழுங்கிய துண்டு எப்போதோ வயிற்றைவிட்டு வெளியே போயிருக்கும்.