கேட் வரைக்கும்

என் மாமனாரின் வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். பதினோரு மாதமாக ஆறவில்லை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர். லேத் பட்டறையில் இரும்புச் சீவல் குத்தியதே அவருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

மருத்துவர் மருந்தைவிட ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்.

"அந்தக் காலைத் தரையில ஊனவே கூடாதுங்க. ஊனுனீங்கன்னா எந்த மருந்தும் கேக்காது. பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

மாமனார் பவ்யமாகத் தலையாட்டினார்.

நான் செய்தியாளன் என்பதால் குறிப்பெடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஞாயிறுதோறும் கணபதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ப் புண்ணின் நீள அகலம், சர்க்கரை அளவு, கட்டு மாற்றிய நாள் எல்லாம் எழுதினேன். படமும் எடுத்தேன். புண் சுருங்கும், மறுவாரம் விரியும். காரணம் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிறு கிளம்பித் தெருமுனை வரை போனவன், மூக்குக்கண்ணாடியை மறந்தது நினைவு வந்து திரும்பினேன். கேட்டிலிருந்து நாற்காலி வரை சிமெண்ட் தரையில் சிவப்புப் பொட்டுகள். மாமியார் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புண்ணு எப்படி இருக்குதுன்னு கேக்க வாரவீங்க அத்தனை பேரையும் கேட் வரைக்கும் கொண்டுபோய் உடோணும் இவருக்கு. காலு போனாலும் மரியாதை போகக்கூடாதாமா."

மாமனார் கூச்சத்துடன் சிரித்தார். "உங்களைப் போயி உக்காந்துட்டே அனுப்பிச்சா நல்லாருக்குங்களா, மாப்ள?"

அத்தனை ஞாயிறும் அவர் என் பின்னால் நடந்து வந்து, நான் வண்டியைக் கிளப்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் பார்க்காமல் இல்லை. மருமகனுக்கு உரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் குறிப்பேட்டில் அந்த நடை இல்லை.

"இனிமே எந்திரிக்காதீங்க, மாமா" என்றேன். "செரிங்க" என்றார். அடுத்த ஞாயிறு நான் கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் எழுந்தார். பத்துப் பன்னிரண்டு அடிதானே என்று நான் தடுக்கவில்லை.

மழைக்காலத்தில் சீழ் எலும்பு வரை இறங்கியது. பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

இப்போது நாற்காலியில் இருந்தபடியே வழியனுப்புகிறார். "கோவிச்சுக்காதீங்க, மாப்ள. எந்திரிக்க முடியறதில்லைங்க."

ஆனாலும் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால், கைப்பிடியை அழுத்தி எழப் பார்க்கிறார். அதனால் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய்க் கிளப்புகிறேன்.