வெள்ளிக்கிழமை மாவு ஏன் முந்துகிறது

திண்டிவனத்தில் அக்கா வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள் ஓடும். அக்கா மாவு அரைத்து விற்கிறாள். தெருக்காரர்களும் வாங்குவார்கள் என்றாலும், தொழில் நிற்பது விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் இருக்கும் ஓர் ஓட்டலை நம்பித்தான். காலையில் அரைத்த மாவு வெயிலில் பொங்கி, சாயங்கால பஸ்ஸில் டிரம்களில் ஏறிப் போய், ராத்திரி தோசையாகும். அதே வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் சோதிப்பது என் வேலை. எங்கேயோ பிழை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றை வரிசையாக எழுதுவேன். எனக்கு அது பழக்கம், அக்காவைக் கேட்டால் வியாதி.

இந்தக் கோடையில் வெள்ளிக்கிழமை மாவு மட்டும் புளித்தது. மற்ற நாட்களில் அதே அரிசி, அதே உளுந்து, அதே பஸ், ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் டிரம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் எல்லாம் அன்று ராத்திரிதான் அந்த ஓட்டலில் நிற்கும்.

இரண்டாவது வெள்ளியும் அப்படியே ஆனதும் ஓட்டல்காரர் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா இது, மாவா மோரா? தோசய வாயில வெச்சவன் ஒரு கண்ண மூடிக்கினு எழுந்து போறான். வண்டி வண்டியா வர்ற நாளு பார்த்து இப்படிப் பண்ணா நான் இன்னா பண்றது? அடுத்த வெள்ளியும் இதே கதைன்னா விழுப்புரத்துல மிஷின் மாவு கெடைக்குது, அத்த எறக்கிக்குவேன். அப்புறம் எல்லா நாளும் அதான். பேஜாரு வேணாம், பார்த்துக்கோ."

அக்கா போனை வைத்துவிட்டு மாமாவிடம் என்னைக் காட்டினாள்.

"எல்லாம் இவ கையாலதான். சூட்டு ஒடம்பு. வெள்ளிக்கிழமைன்னா இவதான கலக்குறா."

"லேப்டாப் சூடு கையில ஏறியிருக்கும்," என்றார் மாமா. டிரம்களை வண்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவது அவர்தான். வழிந்த மாவு அவர் சட்டையில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

குற்றச்சாட்டு முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. மற்ற நாட்களில் அக்காவே கையை விட்டுக் கலக்குவாள். வெள்ளிக்கிழமை மட்டும் முதல் ஈட்டை அரைத்து அண்டாவில் ஊற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவாள். இரண்டாம் ஈட்டை ஊற்றி, உப்புப் போட்டுக் கலக்குவது நான். ஆகவே என் பட்டியலில் என் கையும் இருந்தது. அதோடு வெயில், தண்ணீர், உளுந்து, கிரைண்டர் சூடு.

முதல் வெள்ளிக்குப் பிறகே நான் அளக்கத் தொடங்கியிருந்தேன். கலக்கியதும் அண்டாவிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் மாவு எடுத்து, வெளியே ஸ்கேல் ஒட்டி, அது எவ்வளவு ஏறுகிறது என்று மணிக்கொரு முறை பார்த்தேன். ஒரு தெர்மாமீட்டரும் வாங்கினேன். கிரைண்டரிலிருந்து வரும் மாவு அறையைவிடச் சூடாக இருக்கும். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாகக் குறையும், சிறிதாக ஆக ஆக மெதுவாகும். தேய்வுக்கான சமன்பாடு அதுதான். வியாழனுக்கும் வெள்ளிக்கும் வரைந்த இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. கிரைண்டர் சூடு பட்டியலிலிருந்து போனது. கையை விட்டுக் கலக்குவதற்கு முன்னும் பின்னும் தெர்மாமீட்டர் ஒரே இடத்தில் நின்றது. அதை அக்காவிடம் காட்டினேன்.

"தர்மாமீட்டருக்குக் கைராசி தெரியுமாடி?" என்றாள்.

பொங்குவது வேறு சமன்பாடு. மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் எத்தனையோ, அதற்கேற்ற வேகத்தில்தான் பெருகும். கொஞ்சம் இருந்தால் கொஞ்சமாக, நிறைய இருந்தால் நிறைய. dy/dt = ky: y நுண்ணுயிரின் அளவு, t நேரம், k பெருகும் வேகம். y எல்லாவற்றையும் ஒரு பக்கமும் t-யை மறுபக்கமும் பிரித்துத் தொகையிட்டால் ln y = kt + c. கல்லூரியில் அந்த c-ஐ எழுத மறந்தால் ஒரு மார்க் போகும். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நுண்ணுயிரை என்னால் எண்ண முடியாது, டம்ளரில் மாவு ஏறிய உயரம்தான் கையில் இருந்தது. அவை விடும் காற்றில்தான் மாவு ஏறுகிறது என்பதால் அதையே வைத்துக்கொண்டேன். அதன் மடக்கையை எடுத்து நேரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஸ்கேலில் எதுவும் தெரியவில்லை. அதன்பின் புள்ளிகள் ஓரளவு நேர்கோட்டில் வந்தன. மாவு முழுக்கப் பொங்கிய பிறகு கோடு வளைந்துவிட்டது. உண்ண மீதமில்லாவிட்டால் எதுவும் பெருகாது, சமன்பாடு அங்கே கைவிட்டுவிடும். எனக்குத் தேவை நடுவில் இருந்த நேர்ப்பகுதி மட்டும்.

ஓட்டல்காரர் போன் செய்த மறுநாள்தான் வியாழன், வெள்ளி இரண்டின் கோடுகளையும் ஒரே தாளில் போட்டேன். வெள்ளிக்கோடு செங்குத்தாக ஏறும், k பெரிதாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். அப்படி இல்லை. இரண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி இணையாக ஓடின. வெள்ளி மேலே, வியாழன் கீழே.

டீயை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்வு ஒன்றுதான் என்றால் பெருகும் வேகம் ஒன்றுதான். வேகத்தை மாற்றக்கூடிய வெயில், தண்ணீர், உளுந்து எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்தேன். மிஞ்சியது c. அதாவது தொடங்கும்போது மாவில் என்ன இருந்தது என்பது. வெள்ளிக்கிழமை மாவு வேகமாக ஓடவில்லை, முன்னாலிருந்து ஓடத் தொடங்குகிறது. யார் முன்னால் நிறுத்தியது?

சங்கடம் என்னவென்றால், கையும் c-யில்தான் சேரும். கையிலும் நுண்ணுயிர் உண்டு. அக்கா சொன்னதற்குக் கணிதத்தில் இடம் இருந்தது. அதனால் அடுத்த வியாழக்கிழமை நானே கலக்குகிறேன் என்றேன்.

"வேணாம்டி. இருக்கறது ஒரு நல்ல நாளு, அத்தயும் கெடுக்காத."

"கெட்டுப்போச்சுன்னா இனிமே மாவுல கையே வெக்க மாட்டேன்."

"இந்த வார்த்தய மாமா கேட்டுக்கினாரு," என்று அக்கா வழிவிட்டாள்.

வியாழன் மாவு வியாழன் மாவாகவே இருந்தது. கோடு பழைய வியாழன் கோட்டின் மேலேயே விழுந்தது. கையை அடித்தேன். பட்டியலில் ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் வெள்ளி.

வெள்ளிக்கிழமையில் நான் பார்க்காத பகுதி ஒன்றுதான். அக்கா முதல் ஈட்டை அண்டாவில் ஊற்றும் நேரம். நான் எழுந்து வரும்போது அண்டா எப்போதும் பாதி நிறைந்திருக்கும். அன்று அவளுக்கு முன்னால் எழுந்து அண்டா பக்கத்தில் நின்றேன்.

மற்ற நாட்களில் அக்கா நேற்றைய அண்டாவை வழித்து, தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைப்பாள். அன்று கழுவவில்லை. மூடியைத் திறந்தாள். அடியில் நேற்றைய மாவு ஒரு கரண்டிக்கு மேலேயே கிடந்தது, குமிழ் விட்டுக்கொண்டு. அதை அப்படியே விட்டுவிட்டு, ஊறிய அரிசியை அள்ளிக் கிரைண்டரில் போடப் போனாள்.

"அக்கா, இரு. கழுவல?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மாவு அண்டாவ யாராவது வழிச்சுக் காலி பண்ணுவாங்களா? லட்சுமி போயிடுவா."

"எப்பவும் இப்படித்தானா?"

"எங்க மாமியாரு காலத்துலருந்து இப்படித்தான். பொங்கலப்போ இதே மாவு நல்லாத்தான இருந்துச்சு?"

நல்லாத்தான் இருந்திருக்கும். குளிர்காலத்தில் k சிறியது. முன்னால் நின்று ஓடினாலும் பஸ் நேரத்துக்குள் எல்லையைத் தாண்டாது. இந்த வெயிலில் தாண்டிவிடுகிறது.

"அக்கா, இதான் சி," என்றேன்.

"எது சீ? லட்சுமிய சீன்றியா?"

நிறையச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அண்டாவையே பார்த்தாள். ஓட்டல் போனால் ஒரு கிரைண்டரை விற்க வேண்டியதுதான் என்று முந்தின நாள் மாமாவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. ஆனாலும் அண்டாவைக் கழுவமாட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் காலி பண்ண மாட்டேன். வேற வழி இருந்தா சொல்லு."

இருந்தது. இணையாக ஓடும் இரண்டு கோடுகளுக்கு நடுவே மேலும் கீழுமாக அளந்தால் மாவின் வித்தியாசம் தெரியும். இடமும் வலமுமாக அளந்தால் நேரத்தின் வித்தியாசம் தெரியும். தாளை எடுத்துவந்து படுக்கைவசமாக ஸ்கேலை வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கரண்டி மாவால் முந்தும் நேரம் அவ்வளவுதான். அந்த அளவு தாமதமாக அரைத்தால் பஸ் ஏறும்போது வெள்ளி மாவும் வியாழன் மாவும் ஒரே இடத்தில் இருக்கும்.

"நீ முதல்ல கோயிலுக்குப் போய்ட்டு வா. பிரசாதத்த சாப்புடு. அப்புறமா அரை."

"அரிசி ஊறிக்கினு இருக்குதேடி?"

"ஊறட்டும்."

"பொங்கலன்னா?"

"பொங்கும்," என்றேன். என் குரல் தெளிவாகத்தான் இருந்தது. அக்கா போன பிறகு கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

சாயங்காலம் டம்ளரில் மாவு ஸ்கேலில் நான் எதிர்பார்த்த கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. மாமா மூடியைத் தட்டிப் பார்த்தார். "இன்னிக்குச் சட்டைய மாத்த வேண்டியதில்ல போலக்குது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஓட்டல்காரர் அன்று போன் செய்யவில்லை. அக்கா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தாளித்தாள், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மறுநாள் காலையில்தான் அடித்தது.

"யம்மா, அடுத்த வெள்ளி ஒரு டிரம்மு சேத்து அனுப்பு. தோசை பத்தல. ஜல்தியா சொல்லு, முடியுமா முடியாதா?"

"முடியுங்கண்ணா," என்றாள் அக்கா. புளிப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு அண்டாவைக் கழுவப் போனவள் பாதியில் நின்றாள்.

"ஏண்டி, மார்கழில மாவு பொங்கவே பொங்காதில்ல? அப்போ தெனமும் வெள்ளிக்கிழமை மாதிரி அடியில கொஞ்சம் வுட்டு வெச்சா?"

நான் அதுவரை யோசிக்காத கேள்வி. எவ்வளவு விட்டுவைப்பது என்பதற்கு மார்கழியின் k வேண்டும். அதை மார்கழியில்தான் அளக்க முடியும்.

"அளந்து பார்த்துத்தான் சொல்லணும்க்கா."

"அள, அள," என்றாள், அண்டாவில் தண்ணீரைத் திறந்துகொண்டே. "ஆனா உன் கை சூடுதான்."