றெஜினா அக்கா எடுத்து வைத்த இரண்டாவது பெட்டி

மதிய இடைவேளையில் மைக்ரோவேவுக்கு முன்னால் சோற்றுப் பெட்டியோடு வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. றெஜினா அக்காவின் பெறாமகள், அவருடைய தமக்கையின் மகள், தொலைபேசியில், "அங்கிள், சின்னம்மா காலமை போயிட்டா" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி அந்த உண்மையை யாரிடம் சொல்வது என்ற எண்ணம்தான் வந்தது. அக்காவுக்கு நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைத் திருத்த ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கிடைத்தது. திருத்தவில்லை.

மொன்றியல் லாசாலில் எங்களோடு உணவுப் பொதியிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பதினாறு வருடம் தரம் பார்க்கும் பகுதியில் இருந்தார். கையில் எப்போதும் ஒரு மாஸ்கிங் டேப் சுருள் இருக்கும். எதைத் திறந்தாலும் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, அது யாருக்கு, என்ன திகதி என்று எழுதிவிடுவார். அவருடைய தேநீர்ப் போத்தலிலும் டேப், ஒருமுறை என் பிறந்தநாள் கேக் பெட்டியிலும் டேப். கேலி செய்தால், "எழுதி வைச்சால் ஒருத்தரோடையும் சண்டை இல்லை, தம்பி" என்பார். மாதா கோயில் பாடகர் குழுவில் அவருடைய குரலைக் கேட்டவர்கள், அதே மன்னார்ப் பெண் லொங்குய்ய் வீட்டின் பேஸ்மென்ட்டில் ஐந்து பாம்பு வளர்த்தார் என்பதை லேசில் நம்பமாட்டார்கள். அது தெரியவந்த பிறகு எங்களில் சிலர் அவர் சுட்டுக் கொண்டுவந்த பலகாரத்தைத் தொடவில்லை. அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

பிறகு பாம்பு என் வீட்டுக்கே வந்தது. யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். எங்கள் மேல்மாடியில் இருந்த பிரெஞ்சுக்காரர் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிவிட்டு, கடைசியாக ஒரு கண்ணாடிப் பெட்டியை எங்கள் வாசலில் வைத்தார். புது வீட்டில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லையாம். உள்ளே இரண்டு கோர்ன் ஸ்னேக். விஷமில்லாத, செம்மஞ்சள் நிறப் பாம்புகள். ஒன்று பெரிது, மற்றது சிறிது. நான் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் லொறி போய்விட்டது. என் மனைவி வசந்தி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கைகூப்பிக் கும்பிட்டாள். நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கும் குடும்பம் அவளுடையது. "தானா வந்ததைத் துரத்தக் கூடாது" என்றாள். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து ஒரு கிண்ணம் பாலும் வைத்தாள்.

வேறு வழியில்லாமல் அக்காவைக் கேட்டேன். நான் அவருடைய பலகாரத்தைத் தொடாதவன் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஞாயிறே பூசை முடிந்து, இரண்டு பை சாமான்களோடு மெட்ரோவில் வந்தார். பாலைப் பார்த்துச் சிரித்தார். "சாமிக்கு வைக்கிறதைச் சாமிக்கு வையுங்கோ பிள்ளை. இதுக்கு வைச்சால் வயித்தாலை போகும்" என்று கிண்ணத்தை எடுத்து அவரே கழுவினார். பிறகு தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். பெட்டியில் மரச்சீவலைப் பரப்பினார். ஒரு பக்கத்து அடியில் சூட்டுப் பாய், அது மிஞ்சிச் சுடாமல் இருக்க ஒரு தெர்மோஸ்டாட். வெக்கையான பக்கத்தில் ஒன்றும் குளிரான பக்கத்தில் ஒன்றுமாக ஒளிந்துகொள்ள இரண்டு குகைகள். மூடியை இறுக்கிப் பூட்ட நாலு கொளுவி. "தலை போற இடத்தாலை முழு உடம்பும் போகும், கவனம். ஒரு கிழமைக்குத் தொடக் கூடாது. புது வீடு பழகட்டும்" என்றார். கை துடைத்துக்கொண்டே கடைசியாகச் சொன்னார்: "இது ஒரு ஆளின்ரை வீடு. மற்ற ஆளுக்கு இன்னொரு பெட்டி வாங்கு. இந்தக் கிழமையே வாங்கு."

சின்னதைத் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விட்டுவிட்டுப் போனார். வசந்திக்கு அது பொறுக்கவில்லை. கோயிலில் இரண்டு நாகமும் பின்னிக்கொண்டு நிற்கிற கல்லைப் பார்த்து வளர்ந்தவள் அவள். "சோடியைப் பிரிச்சால் பாவம்" என்றாள். இரண்டும் ஆண் என்று அக்கா சொன்னதை நினைவூட்டினேன். "அண்ணன் தம்பியெண்டாலும் பிரிக்கக் கூடாது" என்றாள். எனக்கும் இன்னொரு பெட்டிக்கு இடம் தேடப் பஞ்சி, சோம்பல்தான். பேந்து பாப்பம், அவசரமில்லை என்று சின்னதையும் உள்ளே விட்டேன். இரண்டும் ஒரே குகையில் சுருண்டு கிடந்தபோது, "பாருங்கோ, எவ்வளவு பாசம்" என்றாள் வசந்தி. அக்கா இதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "ஒட்டிக்கொண்டு கிடக்கிறது பாசமில்லை தம்பி. நல்ல இடம் ஒண்டுதான் இருக்கு, ரெண்டுக்கும் அது வேணும்." வசந்தி சொன்னதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

இலையுதிர் காலத்தில் அக்கா வேலைக்கு வருவது நின்றது. நோய் முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தேன். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "ரெண்டு பேருக்கும் ரெண்டு வீடுதானே?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். வருத்தக்காரரை ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். ஏச்சு வாங்கப் பயம், அவ்வளவுதான். "படம் அனுப்பு, பாக்க ஆசையாக் கிடக்கு" என்றார். நான் செய்த கூத்தைக் கேளுங்கள். ஒரே பெட்டியை இரண்டாகக் காட்ட, சின்னதை வாளியில் விட்டுப் பெரியதைப் படம் எடுத்தேன். பிறகு குகைகளை இடம் மாற்றி, பெரியதை வாளியில் விட்டுச் சின்னதை எடுத்தேன். "வடிவாயிருக்கு. சின்னவன் மெலிஞ்சுபோனான்" என்று பதில் வந்தது. அவன் ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை. நல்லாய்ச் சாப்பிடுகிறான் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அக்கா பாம்புகளைப் பற்றிக் கேட்கவேயில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஜான்-டலோன் சந்தையில் அவருக்குப் பிடித்த கறுத்த முந்திரிகைப் பழக்குலை வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க இரண்டு ஞாயிறு வெளிக்கிட்டேன். போனால் முகத்துக்கு நேரே அதே பொய்யைச் சொல்லவேண்டி வரும். இரண்டு முறையும் முந்திரிகையை நாங்களே சாப்பிட்டோம். அவரைத் தனியே விட்டது என் பாம்புப் பெட்டி அல்ல, நான்தான்.

இறுதிப் பூசை முடிந்து வெளியே வந்தபோது பெறாமகள் என்னைத் தன் காருக்குக் கூட்டிப்போனாள். பின்பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சூட்டுப் பாய், தெர்மோஸ்டாட், இரண்டு குகைகள், ஒரு தண்ணீர்க் கோப்பை, நாலு கொளுவி. மூடியில் மாஸ்கிங் டேப். அக்காவின் கையெழுத்தில், "சின்னவனுக்கு." கீழே திகதி. நான் படம் அனுப்பியதற்கு மறுநாள்.

"நீங்கள் வருவியள், கையிலை தரலாம் எண்டு பாத்துக்கொண்டிருந்தவ" என்றாள் அவள். "உங்களுக்குப் போன் எடுத்துச் சொல்லட்டோ எண்டு கேட்டனான். வேண்டாம், அவனுக்கு வெக்கமாப் போயிடும் எண்டவ."

வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைத் திறந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே தண்ணீர்க் கோப்பை. விளிம்பில் ஒரே உடைவு. பதினாறு வருடம் தரம் பார்த்த கண்ணுக்கு முன்னாலா நான் கூத்தாடினேன்.

அன்றே சின்னவனுக்கு வீடு வைத்தோம். மரச்சீவலைப் பரப்பியது வசந்தி. பாவத்தைப் பற்றி அவள் பேசவில்லை. அக்கா சொன்னபடி ஒரு கிழமை தொடாமல் விட்டோம். பத்தாம் நாள் அவன் சாப்பிட்டான். தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் திரும்ப வைத்தேன்.

அக்காவின் குரல் உங்களில் பலரிடம் இருக்கும், கோயிலில் எடுத்த பதிவுகளாக. என்னிடம் இருப்பது மூடியில் ஒட்டிய அந்த டேப் துண்டு. ஓரம் கிளம்பத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் விரலால் அழுத்தி விடுகிறேன். அதில் உள்ள திகதியைப் பார்க்காமல் அந்த மூடியைத் திறக்க முடியாது.

ரெண்டு பேருக்கும் ரெண்டு வீடு, அக்கா. ஓம், உண்மையாத்தான்.