பளபளக்காத தரை

அக்கா வீட்டுக் கார் ஷெட்டில், புதிதாகப் போட்ட காங்கிரீட் தரையின் ஓரத்தில், பாய் அகலத்துக்கு மூன்று பட்டைகள் பூசியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. போன வாரம் அடையாறில் என் வீட்டு ஷெட் தரை மேல் பூச சீலர் வாங்கப் போனேன். "பளபளன்னு வேணுமா, டல்லா வேணுமா சார்?" என்று கடைக்காரர் கேட்டதும், வாங்காமலே திரும்பி வந்து பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன்.

அத்தான் இயற்பியல் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகுதான் முதல் கார் வாங்கினார். ஷோரூம் தரையில் அதன் நிழல் கண்ணாடியில்போல் தெளிவாக விழுந்ததைப் பார்த்துவிட்டு, சாந்தோமில் தங்கள் வீட்டிலும் அப்படியே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தரை போட்டாயிற்று, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியாயிற்று. பிறகு காயவிட்டு, காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தார். ஈரம் உள்ளே இருக்கும்போது பூசினால் பூச்சு கொப்பளித்துக்கொண்டு எழும் என்பார். அவருடைய பொறுமையைப் பார்த்துக் கொத்தனாரே அலுத்துக்கொண்டார்.

தரை காய்வதற்குள் அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், இன்னொரு முறை விழவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்டிலிருந்து வீட்டுக்குள் போக அந்த ஷெட்டை விட்டால் வழியில்லை. மழைக்காலமும் தொடங்கியிருந்தது.

அக்கா சனிக்கிழமை வீடு திரும்புவதாக ஏற்பாடு. அந்த வாரத் தொடக்கத்தில் அத்தான் மூன்று சின்ன டின்களோடு வந்தார். ஒன்று கண்ணாடிபோல் மின்னும் எபாக்ஸி. ஒன்று பாதி மினுமினுப்பு. மூன்றாவது காங்கிரீட்டுக்குள்ளேயே ஊறி இறங்கிவிடும், பூசியதே தெரியாது. பட்டைகள் காய்ந்ததும் வியாழக்கிழமை காலை அவற்றின் மேல் வாளித் தண்ணீரை என்னை ஊற்றச் சொன்னார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அக்காவுக்காக வாங்கிய வாக்கரைத் தானே பிடித்து நடந்தார்.

"இன்னா வாத்தியாரே, இப்பவே பழகிக்கினு கீறீங்களா?" என்றார் ஊரூர் குப்பத்திலிருந்து வந்திருந்த பெயின்டர்.

எபாக்ஸி பட்டையில் வாக்கர் வழுக்கி, அத்தான் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அக்கா வூட்டுக்கு வரச்சொல்ல நீங்க ஆஸ்பத்திரில இருப்பீங்க போலகீதே!"

அத்தான் சிரிக்கவில்லை. "மச்சான், மறுபடி ஊத்து" என்றார். அன்று அவர் ஒன்பது முறை நடந்ததாகக் குறித்து வைத்திருக்கிறேன். கடைசியில் மூன்றாவது டின்னைக் காட்டினார். காரின் நிழல் விழாதே என்று கேட்டேன். "அதான் ஷோரூம்லயே பார்த்தாச்சே" என்றார். அக்காவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். தன்னால் அவர் ஆசை போயிற்றே என்று அவள் மருகுவாளாம்.

வீட்டுக்கு வந்த அக்கா, கேட்டருகிலேயே நின்று தரையைப் பார்த்தாள். "இத்தனை நாளா என்னதான் பண்ணீங்க? போட்ட மேனிக்கே கிடக்கு. எதிர்வீட்டுல பாருங்க, முகம் பார்க்கலாம்." அத்தான் இரண்டு கையையும் நீட்டியபடி அவள் பின்னால் நடந்தார். அதன் பிறகு எத்தனையோ மழைக்காலங்கள் வந்தன. அக்கா வாக்கரை விட்டாள், கைத்தடியையும் விட்டாள். அந்தத் தரையைக் குறை சொல்வதை மட்டும் விடவில்லை. அவரும் ஒவ்வொரு முறையும், "பண்ணிடலாம், பண்ணிடலாம்" என்றே சொல்லிவந்தார். அப்படிச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

நேற்று மழையில் அங்கே போயிருந்தேன். அக்காவே குடை பிடித்துக்கொண்டு வந்து கேட்டைத் திறந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. வாக்கை மீறி எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்டா. அவர் விழுந்ததைப் பெயின்டர் அந்த வாரமே எனக்கு நடிச்சுக் காட்டிட்டான்."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா அவரைத் திட்டினே?"

"நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிருப்பாரே."

குடையை மடக்கி உதறிவிட்டு, ஈரத்தரையில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று உள்ளே போனாள்.