பக்கத்து இருக்கையில் இருப்பவர்

மாணவர்கள் அவரைப் பிரேக் மாஸ்டர் என்பார்கள். கார் ஓட்டக் கற்றுத்தருபவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் கால் வைத்தே வயதாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் கால் தரையை மிதிக்கும்.

மாதக் கடைசிக்குப் பிறகு பழைய காரில் பயிற்சி தர அனுமதி இல்லை. அதற்குள் புதியது வராவிட்டால் அவருடைய பயிற்சிப் பள்ளியை மூட வேண்டியதுதான். எதிர்த்தெருவில் இன்னொரு பள்ளி இருக்கிறது.

ஷோரூம் வாசலில் மனைவி சொன்னாள்:

“அவசரம்னு காட்டிக்காதீங்க. அப்புறம் ஒரு பைசா குறைக்கமாட்டான்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“உங்க வாயை நம்பிடுவேன். காலைத்தான் நம்ப முடியல.”

பேரத்தை அவளே நடத்தினாள். அவர் ஒரே காரைச் சுற்றிச்சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். விற்பனைக்காரன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தான்.

“ஓட்டிப் பாருங்க சார்.”

பழக்கதோஷம். பிரேக் மாஸ்டர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் விற்பனைக்காரனே ஓட்டினான். பின்னால் மனைவி கண்களை மூடிக்கொண்டாள். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் கால் பிரேக் இல்லாத வெறும் தரையை ஓங்கி மிதித்தது.

“கிளட்ச், கிளட்ச்! மெதுவா தம்பி!”

அவன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“டிரைவிங் ஸ்கூலா சார்? வண்டி எப்ப வேணும்?”

“மாசக் கடைசிக்குள்ள” என்றார். சொன்ன பிறகுதான் மனைவியின் ஞாபகம் வந்தது.

மேசைக்குத் திரும்பியதும் விலை ஏறியது.

“ரெண்டு மாசம் பொறுத்தா நான் சொன்ன தள்ளுபடி. உடனேன்னா இங்க நிக்கிற வண்டிதான். முழு விலை.”

மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வாங்க போகலாம். வேற ஷோரூமே இல்லையா என்ன?”

அவரும் எழுந்தார். உட்கார்ந்தார். விற்பனைக்காரன் மேசைக்கடியில் பார்த்தான். கால் ஆடிக்கொண்டிருந்தது.

“உக்காருங்கக்கா.”

“அக்காகிட்ட முழு விலை கேப்பியா? போறவன் வர்றவன் எல்லாம் ஏறி இறங்கின வண்டி. கண்ணாடி பூரா கைரேகை.”

பாதித் தள்ளுபடிக்கு ஒத்துக்கொண்டான். சீட் கவர் இலவசம்.

“இருபத்தஞ்சாம் தேதி வாக்குல குடுத்துடலாம்.”

“அந்த வாக்குல எல்லாம் வேண்டாம்” என்றார் பிரேக் மாஸ்டர். “தேதியை எழுதுங்க. தவறினா முன்பணம் முழுசும் திரும்பி வரணும். அதையும் எழுதுங்க.”

“அப்படின்னா தள்ளுபடி கிடையாது சார். மேனேஜர் விடமாட்டார்.”

மனைவி அவர் பாதத்தை அழுத்தி மிதித்தாள்.

“தள்ளுபடி வேண்டாம். தேதியை எழுதுங்க” என்றார்.

திரும்பும்போது பழைய காரை அவள்தான் ஓட்டினாள். அவர் பக்கத்து இருக்கையில். முன்னால் யாருமில்லாத சாலையில் கார் குலுங்கி நின்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“காலை எடுங்க.”

“எடுத்துட்டேன்.”

“தேதிதான் எழுதி வாங்கியாச்சே. இன்னும் என்ன?”

“எடுத்துட்டேன்னு சொல்றேன்ல.”

கார் நகரவில்லை.