சீர்த்தட்டில் போன சேலை

அந்தச் சேலையின் விலை நாலாயிரத்து அறுநூறு ரூபாய். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சளில் கரை. இவ்வளவு சரியாக எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், அதன் விலைச்சீட்டு நான்கு நாள் என் பர்சுக்குள் கிடந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறேன். உட்கார நாற்காலி இருக்கிறது, நேரம்தான் கிடைப்பதில்லை. கார்ப்பரேஷன் வேலைக்கென்று எப்போதோ இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். கடையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், தமிழ்க்காரர் யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கும் அதில் கொள்ளை ஆசை. பேச ஆள் கிடைத்துவிட்டால் என் வாய் ஓயாது.

அன்று சனிக்கிழமை. காக்கநாட்டில் கட்டட வேலை செய்யும் கொத்தனார் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அக்காள் மகள் பெரியவளாகியிருக்கிறாள், மறுநாள் காலையில் சடங்கு. தாய்மாமன் சீர் இவர் கையால்தான் போக வேண்டும். சாயங்காலம் பஸ் ஏறினால் விடிந்ததும் நேராக மண்டபத்து வாசலில் இறங்க வேண்டியதுதான். புதுப் பித்தளைத் தாம்பாளம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். இதில் எதை எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி ஊரில் இருந்தாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் பையன்கள். எங்கள் வீட்டில் சீர்த்தட்டு வைக்கும் யோகமே வாய்க்கவில்லை. விடுவேனா? அக்காளுக்குச் சேலை, மச்சானுக்கு வேட்டி சட்டை எல்லாம் எடுத்துக்கொடுத்து, வழக்கப்படி பில் போடும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். நடுவில் பெண்ணுக்கென்று எடுத்த அரக்குச் சேலை, மேலே அதோடு சேர்ந்த ரவிக்கைத் துணி, சுற்றிலும் அவர் வாங்கி வைத்திருந்த வளையல், சீப்பு, கண்ணாடி. சீர்த்தட்டில் விலைச்சீட்டு தொங்கினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று அதைக் கத்தரித்து என் யூனிஃபார்ம் கோட்டுப் பையில் போட்டேன். பில் போடும் பெண்ணிடம் கொடுக்க வேண்டிய சீட்டு அது. பிறகு சிவப்புத் துணியால் தட்டை மூடி முடிச்சுப் போட்டேன்.

எங்கள் கடையில் வாசலை ஒட்டிப் பொட்டலம் கட்டும் மேஜை ஒன்று உண்டு. சரக்கையும் பில்லையும் ஒத்துப்பார்த்து முத்திரை குத்தினால்தான் வெளியே போகலாம். அங்கே இருக்கும் சேட்டன் மகா கண்டிப்பு. ஆனால் மூடிய தட்டைப் பார்த்து என்ன என்று அவர் கேட்டபோது, அது அவர்கள் சடங்குத் தட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்தது என்று நானே சொன்னேன். தட்டு வெளியிலிருந்து வந்தது உண்மைதானே. சேட்டன் விட்டுவிட்டார். கொத்தனார் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வேலை முடிந்து கோட்டைக் கழற்றும்போது சீட்டு கையில் தட்டுப்பட்டது. சீட்டு இங்கே இருக்கிறதென்றால் சேலைக்குப் பில் போடவில்லை.

பணம் போனால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னைக் கலக்கியது வேறு. அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் தமிழில் சிரித்துப் பேசியது நான். தட்டு கட்டியது நான். சேட்டனைத் தாண்டி அதை வெளியே அனுப்பியதும் நான். சொந்த ஆளுக்குச் சேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் பதினோரு வருடமும் பாழ். அந்த ஆளின் பெயரோ போன் நம்பரோ என்னிடம் இல்லை. சூப்பர்வைசர் சேச்சி என் பக்கத்தில்தான் குடையை எடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். சீட்டைப் பர்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு விடுமுறை. திங்களும் வாயைத் திறக்கவில்லை. சரக்குக் கணக்கெடுப்பு மாதக் கடைசியில்தானே, அதற்குள் ஏதாவது தோன்றும் என்று நாளைக் கடத்தினேன். என் வாய்க்குப் பூட்டு விழுந்ததைப் பார்த்துப் பக்கத்துப் பிரிவுப் பெண்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, கடைக்கு எதிரே இருக்கும் சாயாக் கடையிலிருந்து யாரோ "யக்கா" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கொத்தனார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார் என்பது தலையைப் பார்த்தாலே தெரிந்தது.

"யக்கா, அந்தச் சேலைக்கு நாங்க துட்டு குடுக்கல. பில்லுல அது இல்ல. உங்களுக்கு ஒண்ணும் வராம இத எப்படிக் கட்டணும்னு சொல்லுங்க. அதான் உள்ள போகாம நிக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீதி என்றும் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நீங்க திரிச்சு வருவீங்கன்னு நான் கருதவே இல்ல தம்பி," என்றேன். திரும்பி என்று சொல்ல வேண்டிய இடத்தில் மலையாளம் வந்து விழுந்தது.

நடந்ததைச் சொன்னார். கொண்டுவந்த பணத்தில் மிச்சம் நின்றதைப் பார்த்து, கொச்சியில் துணி மலிவு என்று மகிழ்ந்துபோய், அந்தக் காசுக்கு வாணவெடி வாங்கிச் சடங்கன்று கொளுத்திவிட்டாராம். மறுநாள் மனைவி பில்லை எடுத்துப் பார்த்தபோதுதான் சேலை அதில் இல்லாதது தெரிந்திருக்கிறது. இப்போது கட்ட வந்திருப்பது மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம். அடுத்த இரண்டு வாரக் கூலி அது.

இதைக் கேட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சத்தம் போடாமல் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பர்சிலிருந்த சீட்டை எடுத்து, சாதாரண வியாபாரம் போல பில் போடும் பெண்ணிடம் நீட்டினேன். அவர் போனில் பணம் அனுப்பினார், பில்லும் வந்தது. ஆனால் பொட்டலம் கட்டும் மேஜையைத் தாண்டாமல் கடையில் எதுவும் முடியாதே. சேட்டன் பில்லைப் பார்த்தார், எங்கள் வெறுங்கையைப் பார்த்தார், சேலை எங்கே என்று கேட்டார். சரக்கைக் கண்ணால் காணாமல் முத்திரை குத்த மாட்டேன் என்று சூப்பர்வைசரையும் கூப்பிட்டுவிட்டார்.

இனி மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னேன். சீட்டைக் கத்தரித்தது, தட்டை வெளியே விட்டது, சனிக்கிழமையிலிருந்து மூடிவைத்தது, ஒன்றும் விடவில்லை. சேச்சி என்னை விட்டுவிட்டு அந்த மனிதரைப் பார்த்தாள். கடைக்கே தெரியாத விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"இது தாய்மாமன் சீரு. என் துட்டுல போகணும்லா? கடைத் துட்டுலயோ உங்க சம்பளத்துலயோ போயிருந்தா, நான் எம் மருமவளுக்கு என்னத்தக் குடுத்தேன்?"

இதை ஒரே வாக்கியத்தில் மலையாளத்தில் சொல்ல முடியவில்லை. சீர் என்றால் என்ன, தாய்மாமன் கொண்டுவராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று விளக்கி, அவர் கேட்ட கேள்வியை அப்படியே சேச்சியிடம் கேட்டேன். சேச்சி பில்லைத் திருப்பி மேஜையில் வைத்தாள். தவறு யாருக்கும் வரும், மூன்று நாள் மறைத்ததுதான் தவறு, ஒரு மாதம் குழந்தைகள் பிரிவில் நில் என்றாள். திருடி என்று என்னை யாரும் சொல்லவில்லை. சொல்ல இடமில்லாமல் செய்துவிட்டு அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பெற்ற தாய்க்குக்கூட நான் இந்த அளவு நன்றிக்கடன் பட்டதில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

முத்திரை மட்டும் பாக்கி. அது இல்லாமல் பில் செல்லாது. அப்போது கொத்தனார் போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து சேட்டன் முன்னால் மேஜையில் வைத்தார். மண்டபத்து நாற்காலியில் மாலையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண். அரக்குச் சேலை, மாம்பழ மஞ்சள் கரை. வெட்கத்தில் கேமராவைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி மாமன்.

சேட்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பில்லையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நிறத்தைச் சரிபார்த்தார், கரையைச் சரிபார்த்தார்.

சரக்கைப் பார்த்தாகிவிட்டது என்கிற மாதிரி, "கண்டு," என்று மலையாளத்தில் சொல்லி முத்திரையைக் குத்தினார்.